விற்கும் வீட்டுக்கு ஜன்னல்திரை

பழைய வீட்டைப் புதுப்பித்து விற்பனைக்கு வைக்கும்போது ஜன்னல்களுக்குத் திரை போடலாமா, வேண்டாமா? கேட்டவுடன் இது கடைத்தெருவோடு முடிந்துவிடுகிற கேள்வியாகத்தான் தோன்றும். எங்கள் குடும்பத்தில் இது ஆறு வாரங்கள் நீடித்தது. அண்ணன் ஒரு பக்கம், தரகர் ஒரு பக்கம், தங்கை வேறொரு பக்கம். இடையில் ஹஜ்ரத் ஒருவரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் போய் வந்தோம். சென்னையில் வீடு விற்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே நிலை வரக்கூடும் என்பதால் நடந்ததையும் நான் எண்ணியதையும் எழுதி வைக்கிறேன்.

வீடு ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குக் கிழக்கே இருந்தது. அத்தா 1981இல் வாங்கியது. அவர் மறைந்தபின் அம்மாவால் தனியாக அங்கே இருக்க முடியவில்லை. வாரிசுகள் நால்வர்: அம்மா, அண்ணன், நான், தங்கை. மார்க்கம் வகுத்தபடி வீட்டின் மதிப்பை 32 பங்காக்கினால் அம்மாவுக்கு 4, அண்ணனுக்கு 14, எங்கள் இருவருக்கும் தலா 7. வீட்டை அளந்து பிரிக்க இயலாது. விற்றுத்தான் பிரிக்க வேண்டும். பழைய நிலையில் வைத்திருந்தபோது எட்டு மாதங்களாக எவரும் விலை பேசவில்லை. ஆகவே கடன் வாங்கிப் புதுப்பித்தோம். தரைக்கு டைல்ஸ் பதித்தோம், குளியலறையை மாற்றினோம், மின்கம்பிகளைப் புதிதாக இழுத்தோம், பழைய மர ஜன்னல்களை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஜன்னல்களைப் பொருத்தினோம்.

சிக்கல் தொடங்கியதே அந்தக் கண்ணாடி ஜன்னல்களில்தான். வடசென்னையின் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த மர ஜன்னல் நினைவிருக்கும். மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. கீழ்க்கதவை அடைத்து மேல்கதவைத் திறந்துவிட்டால் கடற்காற்று வரும், வெளிச்சம் வரும், தெருவில் போகிறவர் கண் மட்டும் உள்ளே வராது. ஜித்தாவின் பழைய நகரில் வீட்டு முகப்புகளில் நிற்கும் மரச்சட்டக ரோஷன்களும், கெய்ரோவின் மஷ்ரபிய்யாக்களும் அழகுப்பொருள்களாக இன்று புகைப்படம் எடுக்கப்படுகின்றன. அவை செய்த வேலையை எங்கள் தெருவின் சாதாரண நாட்டு மர ஜன்னல் எந்த வேலைப்பாடும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் நகரும் முழுக் கண்ணாடியை வைத்ததும் வீடு இமையில்லாத கண்போல் ஆயிற்று. திரை என்ற கேள்வி அதற்குமுன் எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

தரகர் வந்து பார்த்தார். அனுபவசாலி, திருவொற்றியூர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய 2021க்குப் பிறகு இப்பகுதியில் நிறைய வீடுகளைக் கைமாற்றியவர். வெற்று ஜன்னலோடு வீட்டைக் காட்டக்கூடாது என்றார். "பாய், எல்லா ஜன்னலுக்கும் தரை வரைக்கும் கனமான ஸ்கிரீன் போடுங்கள். கூடத்தில் லாரி ரோடு தெரியக்கூடாது. பின்னறையில் பக்கத்து வீட்டுச் சமையலறை தெரியக்கூடாது. நடு அறையில் அந்தச் சுவர் தெரியவே கூடாது. மஃரிபுக்குப் பிறகு விளக்கைப் போட்டுக் காட்டுங்கள், போதும்" என்று அண்ணனிடம் சொன்னார்.

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் எதிலும் நேர்வழி ஒன்றையே பார்ப்பவர். திரை என்பதே மறைப்பு, மறைப்பு என்பதே ஏமாற்று, ஆகவே ஒரு ஜன்னலுக்கும் ஒரு முழத் துணிகூட வேண்டாம் என்று முடிவு கட்டினார். அவருடைய எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை ஏற்கவில்லை. தரகர் சொன்ன மூன்று ஜன்னல்களும் மூன்று வகை. அவற்றை ஒரே கயிற்றில் கட்டி எல்லாவற்றுக்கும் போடு என்பதும் பொருந்தாது, எதற்கும் போடாதே என்பதும் பொருந்தாது.

கூடத்து ஜன்னலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது எளிது. அது கிழக்கே பார்க்கிறது. தெருமுனையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பது தெரியும். இந்தப் பகுதியில் ஜன்னலும் தூசும் பிரிக்க முடியாதவை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் எடுத்தால் சாம்பல் நிறமாக இருக்கும். தொழுகை விரிப்பைத் தட்டாமல் விரிக்க முடியாது. 2011இல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தச் சரக்குகள் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயின. எங்களுக்குக் கரி குறைந்தது. எண்ணூர்க்காரர்களுக்குக் கூடியது என்பது வேறு கதை. லாரித் தூசு மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

இந்த ஜன்னலுக்குத் திரை போடுவதில் எந்த ஏமாற்றும் இல்லை என்பது என் கருத்து. லாரியின் இரைச்சலை எந்தத் துணியாலும் மறைக்க முடியாது. படியேறும்போதே அது காதில் விழுகிறது. ராயபுரத்தில் வீடு பார்க்க வருபவர் லாரியைக் கண்டு வியப்படையப் போவதுமில்லை. அங்கே குடியிருக்கப் போகும் எவரும் முதல் வாரத்திலேயே திரை மாட்டிவிடுவார்கள். வாழ்கிற வீட்டில் இயல்பாக இருக்கக்கூடிய ஒன்றை விற்கிற வீட்டில் வைத்துக் காட்டுவது, இந்த அறையில் இப்படி இருக்கலாம் என்று சொல்லுவதற்குச் சமம். அதிலும் மெல்லிய பருத்தித் திரை வேறொரு வேலையும் செய்தது. மாட்டிய இரண்டே வாரத்தில் அதன் ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. தங்கை துவைக்கலாம் என்றாள். அம்மா, "இருக்கட்டும், வருகிறவர்களும் பார்க்கட்டும்" என்றார்.

பின்னறை ஜன்னல் அவ்வளவு எளிதன்று. எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இடையே மூன்றடிச் சந்து. எங்கள் ஜன்னலுக்கு நேரே அவர்கள் சமையலறை ஜன்னல். அவர்கள் காசிமேட்டில் மீன் தொழில் செய்யும் கிறிஸ்தவக் குடும்பம். நாற்பது ஆண்டுகளாக எங்கள் பக்கத்தில் கீழ்க்கதவு எப்போதும் அடைத்தே இருக்கும். அத்தா வீட்டை வாங்கிய அன்றே செய்த ஏற்பாடு அது. எழுத்தில் எதுவும் இல்லை. அந்த வீட்டு அக்கா அடுப்படியில் எப்படி வேண்டுமானாலும் உட்கார்ந்து வேலை பார்ப்பார். எங்கள் பக்கமிருந்து ஒருவர் கண்ணும் படாது என்று அவருக்குத் தெரியும்.

இப்போது கண்ணாடி. அதுவும் விற்பனைக்கு வைத்த வீடு. வாரத்துக்கு நான்கு குடும்பங்கள், தரகர்கள், கூட வரும் மேஸ்திரிகள், வங்கியிலிருந்து மதிப்பிட வருபவர் என்று அறிமுகமில்லாத ஆண்கள் ஒவ்வோர் அறையாகப் போய் ஒவ்வொரு ஜன்னலிலும் எட்டிப் பார்க்கிறார்கள். அண்ணன் சொன்னபடி அதை வெறுமையாக விட்டால், நாங்கள் நேர்மையாக இருப்பதற்கான விலையைப் பக்கத்து வீட்டு அக்கா கொடுக்க வேண்டும். அவர் எதையும் விற்கவில்லை.

ஜன்னல் வழியே அண்டை வீட்டைப் பார்ப்பதை நம் முன்னோர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் மாடி அறை கட்டியபோது அங்கிருந்து அண்டை வீடுகள் தெரியும் என்ற முறையீடு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் சென்றது. அவர்கள் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதியனுப்பிய தீர்வு, அறிவிப்புகளில் ஒன்றின்படி, வியக்கத்தக்க எளிமை கொண்டது. ஜன்னலுக்குக் கீழே ஒரு கட்டிலைப் போட்டு அதன்மேல் ஓர் ஆளை நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். அண்டை வீடு தெரிந்தால் அதைத் தடுக்க வேண்டும். மாலிக்கி சட்ட நூல்கள் இதை எடுத்தாளுகின்றன. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி, கொத்தனார் தொழில் தெரிந்தவர், கட்டடச் சட்டத்துக்கென்றே எழுதிய நூலில் ஜன்னல், கதவு, சந்து பற்றிய வழக்குகளைத் தொகுத்திருக்கிறார். நாங்கள் கட்டில்கூடப் போட வேண்டியிருக்கவில்லை. தரையில் நின்றாலே பக்கத்து வீட்டு அடுப்பு தெரிந்தது.

ஆகவே அந்த ஜன்னலுக்குத் திரை போடுவது எங்கள் உரிமை என்பதைவிடக் கடமை என்றே அண்ணனிடம் வாதாடினேன். அவர் கேட்டார்: "சரி, ஜன்னலுக்கு நேரே இன்னொரு ஜன்னல் இருப்பது வாங்குகிறவருக்குத் தெரியாமல் போகாதா?" நியாயமான கேள்வி. அதற்கு வாய் இருக்கிறது என்றேன். திரை கண்ணுக்கு, செய்தி வாய்க்கு. அறைக்குள் நுழையும் முன்பே, மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சமையலறை இருக்கிறது, அதனால்தான் இந்தத் திரை, என்று சொல்லிவிடுவது. வந்திருக்கும் பெண்கள் பார்க்க விரும்பினால் விலக்கிக் காட்டுவது. அப்படியே செய்தோம். ஒரு மூதாட்டி திரையை விலக்கிப் பார்த்துவிட்டு அக்காவிடம் இன்றைக்கு என்ன மீன் என்று விசாரித்து, கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். வீட்டை அவர்கள் வாங்கவில்லை.

இனி நடு அறை.

அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை சுவரில் ஓதம். கடலுக்கு இவ்வளவு அருகே உள்ள பழைய வீடுகளில் இது பெரும்பாலும் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர் தரையின் ஈரத்தைத் திரிபோல் மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் காற்றில் ஆவியாகிவிடும். இடைக்காலத்தில் எவரோ அதன்மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் மூச்சு விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் இன்னும் உயரே ஏறி, தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்கு அடியில் படியவிட்டு, அது பூத்துப் பெயின்ட்டை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. மேஸ்திரி ஒளிக்காமல் சொன்னார்: பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் கோடை முழுக்க நிற்கும், ஐப்பசி மழை தொடங்கினால் மறுபடி பூக்கும். சரியாகச் செய்வதானால் சிமென்ட் பூச்சை முழுதும் உதிர்த்து, சுவரைப் பல மாதம் உலரவிட்டு, மீண்டும் சுண்ணாம்பு பூச வேண்டும். எங்களிடம் அதற்குக் காலமும் இல்லை, பணமும் இல்லை.

தரகர் கண்ட வழி மேலிருந்து தரை வரை தொங்கும் கனத்த திரை. எழுநூறு, எண்ணூறு ரூபாயில் முடிந்துவிடும். ஜன்னலுக்குத் திரை என்ற பெயரில் அது சுவருக்குத் திரை.

அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஸஹீஹ் முஸ்லிமின் ஹதீஸ் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை பெய்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கடும் எச்சரிக்கை அங்கேதான் வருகிறது. பலமுறை கேட்ட இந்த ஹதீஸில் இரண்டு விஷயங்கள் இந்தச் சுவரின் முன் நின்றபோதுதான் எனக்கு உறைத்தன. ஒன்று, மழை அந்த வணிகரின் குற்றமன்று. அதற்காக அவர் கண்டிக்கப்படவுமில்லை. ஓதமும் எங்கள் குற்றமன்று. இரண்டு, ஈரத் தானியத்தை விற்காதே என்று சொல்லப்படவில்லை. அதை எங்கே வைக்க வேண்டும் என்பது மட்டுமே சொல்லப்பட்டது. மேலே.

அப்படியானால் வீட்டை அழகுபடுத்துவதே கூடாதா என்று கேட்கத் தோன்றும். இதற்கும் ஹதீஸ்களில் மிகப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விற்பதற்கு முன் ஆட்டின், ஒட்டகத்தின் பாலைக் கறக்காமல் மடியில் கட்டி வைத்துப் பெருமடியாகக் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பித் தரலாம். திருப்பித் தரும் உரிமை பற்றிய சட்ட விவரத்தில் ஹனஃபி மத்ஹபுக்கும் ஷாஃபி மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எங்கள் ஹஜ்ரத் அதை விளக்கிவிட்டு, செயல் தவறு என்பதில் வேறுபாடு இல்லை என்றார். ஆனால் ஆட்டைக் குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தடவி, நல்ல கயிறு கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவதை எவரும் தடுக்கவில்லை. அது ஆடு உள்ளபடி அழகாகத் தெரிய உதவுகிறது. மடியைக் கட்டுவது இல்லாத பாலை இருப்பதாகக் காட்டுகிறது. பக்ரீத் சந்தையில் உப்பை நக்கவைத்துத் தண்ணீர் காட்டி வயிற்றை உப்பச் செய்யும் வியாபாரிகளைத் திட்டாத நம்மவர் இல்லை. வீடு விற்கும்போது மட்டும் அது விளம்பர உத்தி ஆகிவிடுகிறது.

வழக்கறிஞர் சொன்னதும் கவனிக்கத்தக்கது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவில், விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத முக்கியமான குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்றும், வெளிப்படுத்தாமல் விடுவது மோசடி என்றும் இருக்கிறது. ஆனால் ஒரு வரம்பு உண்டு: வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தாமே கண்டுபிடித்துவிடக்கூடிய குறைக்கு இந்தக் கடமை இல்லை. தங்கை உடனே பிடித்துக்கொண்டாள். திரையை விலக்கிப் பார்ப்பது சாதாரணக் கவனம்தானே, விலக்கிப் பார்க்காதது அவர் தவறு என்றாள். நீதிமன்றத்தில் அந்த வாதம் எடுபடுமா என்பதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உக்பா இப்னு ஆமிர் (ரலி) வழியாக இப்னு மாஜாவில் வரும் ஹதீஸில், குறையுள்ள பொருளை அதன் குறையைத் தெளிவாக்காமல் தன் சகோதரனுக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று இருக்கிறது. வாங்குபவரின் கவனம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நான் அப்போது எனக்கென்று ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டேன். வாங்க வருபவர் இந்தத் திரையைத் தம் கையால் விலக்கினால் என் முகம் மாறுமா? கூடத்தில் மாறாது. பின்னறையில், சொல்லிவிட்ட பிறகு, மாறாது. நடு அறையில் மாறும். அதனால் நடு அறை ஜன்னலுக்கு மட்டும் திரை போடவில்லை. அதன் கீழே இருந்த அத்தாவின் மரக்கட்டிலையும் எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டோம்.

மஃரிபுக்குப் பின் காட்டும் யோசனையையும் விட்டோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் வணிக ஒழுக்கங்களைப் பற்றி எழுதும்போது, துணியின் நல்ல பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டுவதையும், இருண்ட இடத்தில் வைத்துத் துணி விற்பதையும் மோசடியின் வரிசையில் சேர்க்கிறார். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே கடைக்காரர்களின் விளக்கொளி வித்தைகளை அவர் கண்டிருக்கிறார். நாங்கள் ளுஹருக்கும் அஸருக்கும் இடையே, கடற்காற்று ஏறும் நேரத்தில் காட்டினோம். அது வீட்டின் மிக நல்ல நேரமும்கூட என்பதை மறைக்க மாட்டேன். நல்லதைக் காட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரூர்ப் பருத்தி, வெளிர் நிறம், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கித் தைத்தது. தரகர் சொன்ன வெல்வெட், இரட்டை அடுக்கு, குஞ்சம் எதுவும் வேண்டாம் என்று அம்மாதான் நிறுத்தினார். ஆயிஷா (ரலி) அவர்கள் வாசலில் தொங்கவிட்ட அலங்காரத் துணியை நபி (ஸல்) அவர்கள் இழுத்துக் கிழித்ததும், கல்லுக்கும் களிமண்ணுக்கும் ஆடை உடுத்தும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்று சொன்னதும், அந்தத் துணி பிறகு இரண்டு தலையணைகளானதும் அம்மாவுக்குச் சிறுவயதிலிருந்தே பிடித்த ஹதீஸ். இமாம் நவவி (ரஹ்) இதை ஹராம் என்று கொள்ளவில்லை, வெறுக்கத்தக்கது என்ற அளவிலேயே கொண்டார்கள். தேவைக்குப் போடும் திரை வேறு, சுவருக்கு ஆடம்பர உடை வேறு.

வந்தவர்கள் பலரும் முதலில் கேட்டது திரையைப் பற்றியோ ஓதத்தைப் பற்றியோ அன்று. 2023 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதையே கேட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கங்களில் எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே சுவரில் கறுப்புக் கோடு விழுந்த வீடுகளை விற்க நேர்பவர்களின் சோதனையோடு ஒப்பிட்டால் எங்கள் ஓதம் சிறிது. நாங்கள் கணுக்கால் அளவு என்ற உண்மையைச் சொன்னோம், கேட்டவர்கள் நிம்மதியடைந்தார்கள். உண்மை சில நேரம் விற்பவருக்கும் உதவும்.

நடு அறையில் அது உதவவில்லை. ஓதத்தைக் காட்டி, மேஸ்திரி சொன்னதையும் சொன்னவுடன் இரண்டு குடும்பங்கள் போய்விட்டன. மூன்றாவதாக வந்தவர் மண்ணடியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். பேசிய விலையிலிருந்து இரண்டு லட்சம் குறைக்கச் சொன்னார். சுவரைச் சரிசெய்ய ஆகும் செலவு ஏறத்தாழ அதுவே. அண்ணன் ஒப்புக்கொண்டார்.

தங்கை அழுதாள். அவள் கணவருக்கு ஓராண்டாக நிலையான வேலை இல்லை. தொண்டியார்பேட்டையில் வாடகை வீடு. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம். இரண்டு லட்சத்தில் அவள் பங்கு 43,750 ரூபாய் போகிறது. "எழுநூறு ரூபாய் ஸ்கிரீன் போட்டிருந்தால் என் பிள்ளைக்கு ஒரு செமஸ்டர் கட்டணம் மிஞ்சியிருக்கும், அக்கா. உங்கள் நேர்மைக்கு நான் ஏன் காசு தர வேண்டும்?" என்று கேட்டாள். இந்த விவகாரம் முழுவதிலும் மிகக் கனமான கேள்வி அதுதான். தன் பணத்தை விட்டுக்கொடுத்து நேர்மையாக இருப்பது ஒருவகை. நான்கு பேர் பங்கிருக்கும் பொருளில் ஒருவர் நேர்மைக்கு மற்றவரும் இழக்கிறார். வாரிசுச் சொத்தை விற்கும் எல்லாக் குடும்பங்களிலும் இந்த முள் இருக்கும்.

ஹஜ்ரத்திடம் அண்ணன் இதைக் கேட்டபோது அவர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சொன்னார். கஸ்ஸாலி இமாமும் இதை எழுதியிருக்கிறார். ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒட்டகம் வாங்கிக்கொண்டு போகிறார். அருகே நின்றிருந்த வாஸிலா (ரலி) பின்னாலேயே ஓடி, இறைச்சிக்கா சவாரிக்கா என்று கேட்கிறார். சவாரிக்கு என்றதும், இதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்கிறார். வாங்கியவர் திரும்பி வருகிறார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாகிறது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் வாஸிலாவிடம் வருந்துகிறார். ஒட்டகம் வாஸிலாவுடையதுமன்று, பணமும் அவருடையதன்று. விற்றவரின் வருத்தமும் பொய்யன்று. குறையோடு கூடிய அந்த ஒட்டகத்துக்கு 300 திர்ஹம் என்றைக்கும் மதிப்பாக இருந்ததில்லை என்பதே ஹஜ்ரத் சொன்ன பதில். உங்கள் தங்கை இழந்ததாக எண்ணும் பணம் அந்தச் சுவரில் இருந்ததில்லை என்றார்.

கணக்குப்படி அது சரி. ஆனால் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவளிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் தம் பங்கிலிருந்து அந்த 43,750ஐத் தங்கைக்குத் தர முன்வந்தார். தங்கை முதலில் மறுத்தாள், பிறகு பாதியைக் கடனாக வாங்கிக்கொண்டாள். மீதிப் பாதி குறித்து இன்றும் அவளுக்கு மனத்தாங்கல் உண்டு. அவள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. அந்தத் திரையைப் போட்டிருக்கலாம் என்றும் நினைக்கவில்லை.

வீடு விற்க இருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி வீட்டோடு பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல் என நிலையான பயன்பாட்டுக்கு உள்ளவை வாங்குபவருக்குப் போய்விடும். திரைத் துணியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. சுவரில் அடித்த ராடு எந்தப் பக்கம் சேரும் என்று சண்டையிட இடமுண்டு. மின்விசிறிகளையும் டியூப்லைட்டுகளையும் கழற்றிக்கொண்டு போய், பத்திரப்பதிவு நாளில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத குடும்பங்களை நான் அறிவேன். திரை, ராடு, மின்விசிறி எதெல்லாம் வீட்டோடு வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. நாங்கள் ஓதத்தையும் ஒரு வரியில் எழுதினோம். வழக்கறிஞர் அது தேவையில்லை என்றார். வாங்கியவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னறைத் திரையை மட்டும் ராடோடு அங்கேயே விட்டோம். அது எதற்காக என்று வாங்கியவரின் மனைவியிடம் அம்மா சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்து அறிமுகப்படுத்தினார். கூடத்துத் திரைகளைத் தங்கை எடுத்துப் போனாள். தொண்டியார்பேட்டை வீட்டு ஜன்னலுக்கு அவை ஒரு சாண் அதிகம். இரண்டு முறை துவைத்தும் ஓரத்துப் பழுப்பு போகவில்லையாம். அந்தப் பகுதி உள்ளே போகும்படி மடித்துத் தைத்துக்கொண்டாள்.